நிக்கும் என்றவர்

டிவிடிக்கு அடுத்து எச்டி டிவிடி, ப்ளூ ரே என்று இரண்டு வகைப் படத் தட்டுகள் போட்டிக்கு வந்த சமயம். ஒன்றின் பிளேயரில் மற்றது ஓடாது. எதை வாங்கலாம் என்று அருப்புக்கோட்டை டிவி கடைக்காரரிடம் கேட்டேன். மெலிந்த ஆள், நெற்றி நிறையத் திருநீறு. பேசும்போதே ஒரு தட்டைக் கண்ணாடியாகப் பிடித்து மீசையை ஒதுக்கிக்கொள்வார்.

“எச்டி டிவிடியவே எடுங்க தம்பி. இதுதான் நிக்கும். நம்ம வீட்டுக்கும் இதான்.”

அந்தக் கடைசி வார்த்தையை நம்பித்தான் வாங்கினேன். அவர் சொன்னது ஒரு விதத்தில் பலித்தது. கொஞ்ச நாளிலேயே அந்தத் தட்டு வருவது அடியோடு நின்றுபோனது.

கேட்டே விடுவது என்று பரளச்சியில் அவர் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் பழைய டிவிடி பிளேயர்தான் ஓடிக்கொண்டிருந்தது.

“உங்க வீட்டுக்கும் இதான்னு சொன்னீகளே அண்ணாச்சி?”

கொஞ்சமும் கூசாமல் சிரித்தார்.

“நீங்கல்லாம் வாங்கிப் பாத்த பெறகுதான தம்பி, எது நிக்கும்னு எனக்குத் தெரியும்? அதுக்குத்தான் பொறுத்திருந்தேன். உக்காருங்க, காப்பி குடிச்சிட்டுப் போகலாம்.”

உட்கார்ந்து குடித்தேன். நல்ல காப்பி. அதுதான் இன்னும் எனக்கு ஆறவில்லை.