பைண்டிங்குக்குப் போகாத கெஜட்

எங்கள் ஊர் நூலகத்தில் சர்க்கார் கெஜட் மூங்கில் பட்டையில் தொங்க ஆரம்பித்தது எப்படி என்று கேட்டால் நூலகர் ஒரு கதை சொல்வார். அதில் கமிட்டி வரும், தீர்மானம் வரும், மேலிடத்து அனுமதியும் வரும். அவர் சொல்வதெல்லாம் உண்மைதான். என் மகள் மட்டும் அதில் வரமாட்டாள். நானும் அவரிடம் அதைச் சொன்னதில்லை.

செங்கல்பட்டில் பெண்கள் ஆரம்பப் பள்ளியில் நான் ஆசிரியை. கணவர் ரயில்வேயில் கூட்ஸ் வண்டிகளில் போகும் கார்டு. அவர் எப்போது வீட்டில் இருப்பார் என்பது அவருக்கே தெரியாது. எங்களுக்கு ஒரே மகள். எஸ்.எஸ்.எல்.சி. தேறியபின் வரன் பார்ப்பதும் தட்டிப்போவதுமாக வீட்டிலேயே சில வருஷங்கள் ஓடிவிட்டன. அவளுக்கு வேறொன்று மனதில் இருந்தது. சென்னையில் ஹெல்த் விசிட்டர் பயிற்சி தருகிறார்கள். முடித்தால் ஒரு பையை எடுத்துக்கொண்டு கிராமம் கிராமமாகப் போய்ப் பிள்ளைத்தாய்ச்சிகளையும் குழந்தைகளையும் பார்க்கலாம், சர்க்கார் சம்பளம். நான் முதலில் வேண்டாம் என்றேன். பிறகு பார்க்கலாம் என்றேன். கடைசியில் சரி என்றேன். நான் சரி என்ற நேரத்தில் அந்த வருஷத்துக்கு மனுப்போடும் தேதி முடிந்திருந்தது.

அது எங்களுக்குத் தெரிந்ததே ஒரு கல்யாண வீட்டில்தான். அந்தப் பயிற்சியை முடித்து வேலை பார்க்கும் பெண் ஒருத்தி பந்தியில் என் மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "கெஜட்டில வந்ததே, நீங்க பார்க்கலியா? போன வாரத்தோட முடிஞ்சுபோச்சே" என்றாள். வயது வரம்பின்படி என் மகளுக்கு இன்னும் ஒரே ஒரு வருஷம்தான் பாக்கி என்பதையும் அவள்தான் கணக்குப் பார்த்துச் சொன்னாள். என் மகள் இலையில் இருந்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு எழுந்தாள்.

மறுநாள் பள்ளி முடிந்து வந்தேன். வீடு பூட்டியிருந்தது, சாவி பக்கத்து வீட்டில் இருந்தது. மகாபலிபுரம் பஸ்ஸில் ஏறினாளே, உங்களிடம் சொல்லவில்லையா என்று அந்த வீட்டம்மாள் கேட்டாள். அங்கே எங்களுக்கு யாரும் கிடையாது. கணவர் விழுப்புரம் பக்கம் வண்டியோடு போயிருந்தார். நான் அடுத்த பஸ்ஸில் ஏறினேன். திருக்கழுக்குன்றத்தில் பஸ் நின்றது. கண்டக்டர் டீ குடித்தார், டிரைவர் டீ குடித்தார். கூடை ஏற்றினார்கள், கூடை இறக்கினார்கள். அவ்வளவு நேரமும் என் மனம் எங்கெங்கே போய்வந்தது என்பதை எழுத எனக்குத் தைரியம் இல்லை.

மகாபலிபுரத்தில் கடற்கரை முழுக்க நடந்தேன். கோயிலைத் தாண்டி, வலை உலர்த்தும் இடத்தையும் தாண்டிய பிறகு, மீன்காரப் பெண்கள் நாலைந்து பேருக்கு நடுவில் மணலில் அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். கையில் ஒரு அலுமினியக் கிண்ணத்தில் கஞ்சி. அவளை அங்கே உட்கார வைத்தது ஒரு வலைக்காரரும் அவர் மனைவியும். வெகுநேரமாகத் தண்ணீர் ஓரத்தில் அசையாமல் நின்றுகொண்டிருந்தாளாம். நான் போய் நின்றதும் அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீதான் ஆத்தாளா? இன்னாம்மா, பொண்ணு காலைலேர்ந்து ஒண்ணும் துன்னல போல கீது. வூட்டுல இன்னா சண்டை?"

சண்டை இல்லை என்றேன். மகள், கடல் பார்க்கத்தான் வந்தேன் என்றாள். பஸ்ஸிலும் அதையேதான் சொன்னாள். அதை நம்புவதா வேண்டாமா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை. ஆனால் இப்போதும் அவள் கிணற்றடியில் கொஞ்சம் அதிக நேரம் நின்றால் என் கையில் இருப்பது கீழே விழுகிறது.

அந்த வாரத்திலேயே நூலகத்துக்குப் போனேன். அடுத்த வருஷத்து அறிவிப்பை விடக்கூடாது, கெஜட்டை வாராவாரம் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் என் எண்ணம். நூலகர் என்னைவிட இளையவர், வெள்ளைச் சட்டை, எப்போதும் கையில் ஒரு துடைக்கும் துணி. கெஜட் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. இடுப்பிலிருந்த சாவியால் கண்ணாடி பீரோவைத் திறந்து காட்டினார். சிவப்புக் காலிகோ துணி ஒட்டிய அட்டை, முதுகில் பொன் எழுத்து, வருஷவாரியாக வரிசை. ஒரு தூசி இல்லை.

"இதெல்லாம் பழசு. இந்த வருஷத்துது?" என்று கேட்டேன்.

"வாராவாரம் தபால்ல வந்துடும்மா. முத்திரை குத்தி உள்ளே வெச்சுடுவேன். வருஷம் முடிஞ்சதும் மொத்தமா பைண்டிங்குக்குப் போகும். வந்ததும் முதல்ல உங்களுக்குத்தான் தர்றேன்."

அவர் கேலி செய்யவில்லை. உண்மையான அன்போடு சொன்னார். பைண்ட் ஆகாத தாளைப் பொதுமக்கள் கையில் கொடுப்பதில்லை என்பது அங்கே வழக்கம். ஓர் இதழ் காணாமல் போனால், ஒரு பக்கம் கிழிந்தால், அந்த வருஷத்துத் தொகுதியே ஊனம். ஆடிட்டில் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அவருக்கு முன்னால் இருந்தவர் அப்படிப் பதில் சொல்லமுடியாமல் திண்டாடியிருக்கிறாராம். அதனால் அந்த பீரோவில் இருந்த ஒவ்வொரு மனுத் தேதியும், ஒவ்வொரு ஏலத் தேதியும், ஆட்சேபம் தெரிவிக்கும் ஒவ்வொரு கெடுவும் முடிந்துபோன பிறகுதான் பொன் எழுத்துப் போட்டுக்கொண்டு வெளியே வரும். அத்தனை பத்திரமாக வைத்திருந்தார்கள்.

நான் அவரோடு வாதம் செய்யவில்லை. வாதம் செய்யும் நிலையில் நான் இல்லை. அங்கே இருந்த பெஞ்சில் உட்கார்ந்து, எனக்கு ஒரு வருஷம்தான் இருக்கிறது என்றேன். என் ஆயுளே அவ்வளவுதான் என்று அவர் நினைத்துக்கொண்டாரோ என்னவோ, திகைத்துப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

சில வாரம் கழித்து ரயிலடியில் கணவருக்குச் சாப்பாடு கொடுக்கப் போனபோது வேர்க்கடலை வாங்கினேன். பொட்டலத்தைப் பிரித்தால் கெஜட். அதுவும் அந்த மாதத்துக் கெஜட். கடைக்காரரிடம் கேட்டேன். தாலுகா கச்சேரி போன்ற சர்க்கார் ஆபீஸ்களில் வேலை முடிந்த பிரதிகளைக் கட்டுக்கட்டாக எடைக்குப் போடுகிறார்கள், தாள் நல்ல தடிமன், எண்ணெய் ஒட்டாது என்றார். நூலகத்தை முந்திக்கொண்டு கெஜட் கடலைக் கடைக்கு வந்துவிடுகிறது. எனக்குச் சிரிப்பு வந்தது. மகள் காணாமல் போன அந்த நாளுக்குப் பிறகு அப்போதுதான் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அந்தப் பொட்டலத்தை அப்படியே நூலகர் மேஜையில் கொண்டுபோய் வைத்தேன். கடலையைத் தள்ளிவிட்டுத் தாளைத் தடவிப் பார்த்தார். வேதனைப்பட்டார். பிறகு மெதுவாக, "அப்போ ரெண்டாவது பிரதி கிடைக்கும்" என்றார்.

யோசனை அவருடையதுதான். தபாலில் வரும் பிரதி வழக்கம்போல பீரோவுக்குள் போகட்டும், பைண்ட் ஆகட்டும், ஆடிட்டும் பார்க்கட்டும். கச்சேரியில் எடைக்குப் போகும் பிரதியைக் கேட்டு வாங்கி, தினசரிகளைப் போல மூங்கில் பட்டையில் செருகிப் படிக்கும் அறையில் தொங்கவிடலாம். கிழிந்தால் கிழியட்டும், அது எந்தக் கணக்கிலும் இல்லாத பிரதி. கேட்க எளிதாக இருக்கிறது. இதற்கு நூலகக் கமிட்டி கூடித் தீர்மானம் போட வேண்டியிருந்தது. வாசகர் தரப்பில் யாராவது பேசினால் நல்லது என்று என்னை வரச்சொன்னார். ஆண்களாக உட்கார்ந்திருந்த அந்த அறையில் நான் எழுந்து நின்றேன்.

ஒரு பெரியவர், வக்கீலாக இருந்தவர், கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே கேட்டார்: "கெஜட்டை யாரம்மா உட்கார்ந்து படிப்பா? தூக்கம் வராதவன்தான் படிக்கணும்."

"எனக்குத் தூக்கம் வர்றதில்லை" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. என் முகத்தைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, செய்துபார்க்கட்டுமே என்று மற்றவர்களிடம் சொன்னார். இங்கிலீஷில் இருப்பதை யார் படித்துச் சொல்வது என்று இன்னொருவர் கேட்டார். நான் எழுதுகிறேன் என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று யோசித்தேன்.

அப்படித்தான் சனிக்கிழமை மத்தியானங்களில் நான் நூலகத்தில் உட்கார ஆரம்பித்தேன். எந்த இலாகா, என்ன விஷயம், கடைசித் தேதி எது என்று தமிழில் சுருக்கமாக எழுதுவேன். நூலகர் அதைக் கரும்பலகையில் சாக்கட்டியால் எழுதி வாசலில் வைப்பார். என் எழுத்தைவிட அவர் எழுத்து அழகு. நான் எழுதும்போது அடியில் கார்பன் வைத்து எடுத்த நகல்கள் காலை பஸ்ஸில் திருக்கழுக்குன்றத்துக்கும் மகாபலிபுரத்துக்கும் கிளை நூலகங்களுக்குப் போகும். முதலில் பலகையைப் பார்த்தவர்கள் பஸ் நேரம் என்று நினைத்தார்கள். பிறகு வேலை தேடும் பையன்கள் வந்தார்கள். அதன்பின் மதுராந்தகத்திலிருந்து ஏலம் எடுப்பவர்கள் வந்தார்கள். மூங்கில் பட்டை இரண்டு முறை உடைந்தது. நூலகர் அதைக் கமிட்டியில் பெருமையாகச் சொன்னார்.

ஒரு சனிக்கிழமை அந்த வலைக்காரர் வந்து நின்றார். தோளில் துண்டு, கையில் செருப்பு. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார்.

"நீதானா எழுதறது? பொண்ணு எப்டி கீது?"

நன்றாக இருக்கிறாள் என்றேன். அவர் வந்த விஷயம் வேறு. கரையோரம் சவுக்குத் தோப்பு போடுவதற்குக் குப்பத்து நிலத்தைச் சர்க்கார் எடுத்துக்கொள்ளப் போகிறது என்று பேச்சு. நிலம் எடுப்பதாக இருந்தால் கெஜட்டில் சர்வே நம்பர் வரும், வந்தால் கெடுவுக்குள் ஆட்சேபம் எழுதித் தரவேண்டும் என்று கிளை நூலகத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவருக்கு எழுத்து தெரியாது. எண் தெரியும். தன் குப்பத்து நம்பர்களை மனதில் வைத்துக்கொண்டு, மூங்கில் பட்டையைப் பிடித்து, ஒரு விரலால் எண்களை மட்டும் தடவிக்கொண்டே போனார். இல்லை என்று தெரிந்ததும் துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். "அடுத்த வாரம் வர்றேன் டீச்சரம்மா. அவனுங்க எப்ப போடுவானுங்கன்னு யாருக்குத் தெரியும்." மீன் விற்க வரும் சாக்கில் பல சனிக்கிழமைகள் வந்தார். அவர் நம்பர் அந்த வருஷம் வரவே இல்லை. ஆனாலும் வருவதை அவர் நிறுத்தவில்லை.

ஹெல்த் விசிட்டர் பயிற்சி அறிவிப்பு வந்த வாரம் எனக்குக் காய்ச்சல். படுத்துக்கொண்டே புலம்பியிருக்கிறேன், இந்த வாரம் யார் பார்ப்பார்கள் என்று. மகள் ஒன்றும் சொல்லாமல் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். பலகைக்கு வேண்டியதையும் அவளே எழுதிக்கொடுத்திருக்கிறாள். காய்ச்சல் விட்டு எழுந்தபோது மனு தபாலில் போய்விட்டது. நான் ஒரு தரம் பார்த்திருக்கலாமே, பிழை இருந்தால் என்ன ஆகும் என்றேன். "பிழை இல்லைம்மா" என்றாள். அவ்வளவுதான்.

சென்னையில் நேர்முகம் நடந்தது. அவள் அப்பா கூடப் போனார். அதன் பிறகு காத்திருக்கும் வேலைதான். தேறியவர்களின் நம்பர்கள் கெஜட்டில் வரும் என்றார்கள். அவள் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். கிடைக்காவிட்டால் என்ன செய்வாள் என்பதைத் தவிர வேறு எதையும் என்னால் நினைக்க முடியவில்லை. வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும்போதுகூட அதே நினைப்பு.

அந்தச் சனிக்கிழமை நான் போனபோது புது இதழ் தொங்கிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி ஆறேழு பேர். பட்டையைக் கையில் வைத்திருந்தவர் வலைக்காரர். வரிசையை மீறக்கூடாது என்பது நூலகர் கொண்டுவந்த விதி. அதை எனக்காகத் தளர்த்த அவர் தயாராக இருந்தார், நான்தான் வேண்டாம் என்றேன். வரிசையில் போய் நின்றேன். வலைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா, மூஞ்சி ஒரு மாதிரி கீது? உனுக்கும் நம்பர் பாக்கணுமா? இன்னா நம்பர், சொல்லு."

சொன்னேன். ஹெல்த் விசிட்டர் பட்டியல் என்றதும் நூலகர் எட்டிப் பார்த்து அந்தப் பக்கத்தைப் புரட்டிக் கொடுத்தார். அந்த விரல் மேலிருந்து கீழே இறங்கியது. ஓர் இடத்தில் நின்றது. அவர் அவசரப்படவில்லை. ஒவ்வொரு இலக்கமாக வாய்விட்டுச் சொன்னார். கடைசி இலக்கத்தையும் சொல்லிவிட்டு, "இதானே? கீது" என்றார்.

நான் போய்ப் பார்த்தேன். இருந்தது. இன்னும் பார்த்துக்கொண்டே நின்றிருப்பேன். பின்னால் நின்ற பையன், அம்மா கொஞ்சம் பக்கத்தைத் திருப்பட்டுமா, போலீஸ் செலக்‌ஷன் பார்க்கணும் என்றான். விலகிக்கொண்டேன்.

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. மகள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். சொன்னேன். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, நானே பார்த்துவிட்டு வருகிறேன் என்று செருப்பை மாட்டினாள். கூட வரட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. அவள் தெருமுனை திரும்பியதும் உள்ளே வந்து, அவள் விட்டுப்போன அரிசியைக் களைந்து உலையில் போட்டேன். நேரம் ஆயிற்று. சோறு வெந்தது, வடித்தேன். வாசலுக்குப் போகக்கூடாது என்று அடுப்பின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன்.

செருப்புச் சத்தம் கேட்டது.

"கூட்டம்மா, எனக்கு முன்னாடி மூணு பேர்" என்று அலுத்துக்கொண்டே வந்தாள். தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். "பசிக்குது. என்ன குழம்பு?"