மாஸ்டர் வீட்டு விறகு ஃபேர்னஸ்

விறகு ஃபேர்னஸின் கதவை ஒரேயடியாகத் திறக்கக் கூடாது. முதலில் நெருப்புக்குக் காற்று ஊதுகிற ஃபானை நிற்பாட்ட வேண்டும். பிறகு கதவை இரண்டு விரல் அளவுக்கு நீக்கிவிட்டு, கதவுக்குப் பின்னால் ஒதுங்கி நின்று பத்து வரைக்கும் எண்ண வேண்டும். உள்ளே காற்றில்லாமல் அடங்கிக் கிடக்கிற புகை, காற்றைக் கண்டதும் பற்றிப் பாயும். பத்து எண்ணினால் அது புகைபோக்கியால் போய்விடும். எண்ணாதவனின் முகத்தில் அடிக்கும். இதை நான் மாஸ்டருக்கு நாலைந்து தரம் சொன்னேன். நான் ஃபேர்னஸைப் பூட்டிக் கொடுத்த முதல் கிழமையே அவர் எண்ணாமல் திறந்தார். இரண்டு புருவமும் முன்மயிரும் போய்விட்டன. அந்தச் சனிக்கிழமை அவர்களுக்கு ஒரு கலியாணம் இருந்தது. மாஸ்டரின் மனைவியும் ஊரில் படிப்பித்தவர்தான். எல்லோருக்கும் அவர் ரீச்சர். கண்ணுக்குப் பூசுகிற பென்சிலால் அவர்தான் மாஸ்டருக்குப் புருவம் கீறிவிட்டார்.

"பதினைஞ்சு வருசம் பிள்ளையளுக்குக் கணக்குப் படிப்பிச்ச மனுசன். பத்து எண்ணத் தெரியேல்லை," என்றார் ரீச்சர்.

"ஐஞ்சு வரைக்கும் எண்ணினனான். குளிர் மிச்சத்தை எண்ண விடேல்லை," என்றார் மாஸ்டர்.

மூன்று பேரும் சிரித்தோம். அப்படியும் நாட்கள் இருந்தன.

நான் படித்தவன் அல்ல. எட்டாம் வகுப்போடு வாப்பாவின் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டேன். பிறகு கடையும் இல்லை, ஊரும் இல்லை. ரொறன்ரோவுக்கு வந்து வீடுகளுக்குச் சூடு போடுகிற வேலை பழகினேன். நகரத்துக்குள் எல்லாம் காஸ். வடக்கே பண்ணை வீடுகளில்தான் விறகு. ஐந்து வருடம் ஒரு வெள்ளைக்காரனோடு நின்று அந்த ஃபேர்னஸ்களைப் பூட்டினேன். தமிழர் ஒருவரும் எங்களைக் கூப்பிட்டதில்லை. மாஸ்டர்தான் முதல் ஆள். அது இரண்டாயிரத்து எட்டு. எல்லோரும் யூனியன்வில்லில் புது வீடு வாங்க, அவர் பிக்கரிங்கிற்கு வடக்கே, பின்னுக்கு மேப்பிள் காடு உள்ள பழைய பண்ணை வீட்டை வாங்கியிருந்தார். சொந்தக்காரர் பகிடி பண்ணினார்கள். அவருக்குக் கனக்க அறைகள் வேண்டியிருந்தன. ஏன் என்பதை நான் பிறகுதான் அறிந்தேன்.

இடம் பார்க்க இரண்டு காலை போனேன். ஈரப் புல்லைக் கொளுத்தி, புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தேன். ஃபேர்னஸ் என்பது வெளியில் நிற்கிற ஒரு தகரக் கொட்டில். உள்ளே இரும்பு நெருப்புப் பெட்டி, அதைச் சுற்றித் தண்ணீர். சூடான தண்ணீர் நிலத்துக்குக் கீழே பைப்பால் வீட்டுக்குப் போய், சூட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வரும். நெருப்பு வீட்டுக்குள் வராது. ஆனால் புகை வரும், இடத்தைப் பிழையாகப் பிடித்தால். வீட்டுக்கும் அயல் வீட்டுக்கும் காற்று கொண்டுபோகாத மூலையைப் பிடித்தேன். புகைபோக்கியைக் கூரைக்கு மேலே உயர்த்தினேன். நகரசபைக் கடிதம், வீட்டுக் காப்புறுதிக்காரனின் சம்மதம் எல்லாம் மாஸ்டர் எடுத்தார். எழுத்து வேலை அவருடையது, மண் வேலை என்னுடையது.

பைப் தாழ்க்கக் கிடங்கு வெட்டிய முதல் நாள் அவர் தேத்தண்ணியோடு வந்து கரையில் நின்றார்.

"தம்பி ஊரிலை எவடம்?"

"யாழ்ப்பாணம் ரவுண்."

"ரவுணிலை?"

"சோனகதெரு."

அவர் கோப்பையைப் பார்த்தார். "நான் வண்ணார்பண்ணை. கிட்டத்தான்."

"ஓம் மாஸ்டர்."

"அப்ப நீங்கள் தொண்ணூறிலை..."

"ஓம்."

கோப்பையை என்னிடம் நீட்டினார். பிறகு, "பைப் எத்தினை அடி ஆழத்திலை போகும்?" என்று கேட்டார். நாலு அடி என்றேன்.

தொண்ணூறாம் ஆண்டு ஒலிபெருக்கியில் கூப்பிட்டு எங்களை மைதானத்துக்கு வரச் சொன்னார்கள். துவக்கோடு நின்ற இயக்கப் பொடியன்கள் எங்கள் வயதுதான். முஸ்லிம்கள் எல்லோரும் இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேற வேண்டும் என்றார்கள். உம்மா ஒரு பையோடு வந்தா. அதையும் வழியில் வாங்கிவிட்டார்கள். நாங்கள் போன வீதியில்தான் மாஸ்டரின் வீடும் இருந்திருக்க வேண்டும். அந்த வீதியில் ஒரு கதவும் திறக்கவில்லை. அதை நான் யாரிடமும் சண்டையாகக் கேட்டதில்லை. ஆனால் அன்று கிடங்குக்குள் நின்றபோது, இந்த மனுசன் ஒரு நாள் அதைப் பற்றி ஒரு சொல் சொல்லுவார் என்று நினைத்தேன். மன்னிப்பு வேண்டாம். 'கண்டனான், பிழை' என்றால் போதும். வண்ணார்பண்ணைக்காரர் ஒருவர் வாயால் அதைக் கேட்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. அதற்குப் பிறகு நான் அந்த வீட்டில் செய்த வேலையில் பாதி அந்தச் சொல்லுக்காகத்தான்.

மேல்மாடியில் மூன்று அறை. ஐந்து கட்டில் புது மெத்தையோடு கிடந்தன. அந்த அறைகளுக்கும் சூடு வேண்டும் என்றார் மாஸ்டர்.

"ஆள் இல்லாத அறைக்கு ஏன் மாஸ்டர்? வால்வைப் பூட்டி விடுறன். விறகு மிச்சம்."

"பூட்ட வேண்டாம் தம்பி. அக்கா ஆக்கள் வருவினம்."

அக்காவும் புருசனும் மூன்று பிள்ளைகளும் வன்னியில், சண்டைக்குள் இருந்தார்கள். அப்போது கிளிநொச்சிப் பக்கம். அவர்களை இங்கே எடுக்க ஸ்பொன்சர் பேப்பரை மாஸ்டர் போட்டிருந்தார்.

ஒரு நாள் நான் போனபோது, ஃபேர்னஸின் மேலே ஆவி போகிற குழாயை அவர் தகரப் பேணி ஒன்றால் மூடி, கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தார். சூடு வீணாகப் போகிறதாம். பானைக்கு மூடி போடுகிற மாதிரி யோசித்திருக்கிறார். நெருப்பை அடக்கி, ஆவி இறங்கும் வரைக்கும் பொறுத்துப் பேணியைக் கழற்றினேன்.

"அது போகத்தான் வேணும் மாஸ்டர். மூடினால் இது ஃபேர்னஸ் இல்லை, குண்டு."

அவருக்கு முன்னால் நான் குரல் உயர்த்தியது அந்த ஒரு தரம்தான். குண்டு என்ற சொல் அந்த மாதங்களில் சொல்லக் கூடாத சொல். ரீச்சர் உள்ளே போய்விட்டார்.

தை மாதம் பிறந்ததும் வன்னிச் செய்தி ஒவ்வொரு நாளும் கெட்டுக்கொண்டு வந்தது. அக்கா ஆட்களின் ரெலிபோன் நின்றுவிட்டது. மாஸ்டர் வேலை முடிய நேரே டவுண்டவுன் போய், சண்டையை நிற்பாட்டச் சொல்லிச் சனத்தோடு வீதியில் நின்றார், கொடியோடும் படத்தோடும். பிறகு வேலைக்கும் போகவில்லை. ஃபேர்னஸ் ஒரு மாடு மாதிரி. காலையும் மாலையும் தீனி போட வேண்டும். மாசியில் ஒரு பின்னேரம் ரீச்சர் ரெலிபோன் எடுத்து, நெருப்பு அணைந்துவிட்டது, வீடு குளிருகிறது என்றார். அவருக்கு முதுகு வருத்தம், விறகு தூக்க முடியாது. பழைய எண்ணெய் ஃபேர்னஸை ஏற்கெனவே கழற்றியாயிற்று. நான் ஸ்காபரோவிலிருந்து என் வேலை வானை எடுத்துப் பனிக்குள் ஓடிப் போனேன். காய்ந்த விறகு முடிந்து, கடையில் எறிந்த பெயின்ற் பூசிய பலகையை மாஸ்டர் போட்டு வைத்திருந்தார். புகைபோக்கி கறுப்புக் களி மாதிரி அடைத்திருந்தது. வழித்து, சாம்பலை இரும்பு வாளியில் அள்ளி மூடி, வீட்டுக்குத் தூரத்தில் வைத்துவிட்டுத் திரும்ப மூட்டினேன். அயலில் ஒரு வெள்ளைக்காரக் கிழவனிடம் ஒரு வருடம் காய்ந்த விறகு எடுத்துப் போட்டேன்.

அன்றிலிருந்து மே மாதம் வரை காலையும் மாலையும் நான்தான் போனேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. வேலைக்குப் போகும் வழி அல்ல, சுற்றுத்தான். என் மனைவி ஒரு தரம் கேட்டாள்.

"அவங்கட சண்டைக்கு நீங்க ஏன் விறகு போடுறீங்க?"

"சண்டைக்கு இல்லை. பைப் விறைச்சிடும்," என்றேன்.

அது உண்மை. முழு உண்மை அல்ல. சில நாள் மாஸ்டர் வரும்போது நான் அங்கே நிற்பேன். அவர் பக்கத்தில் வந்து கையைச் சூடு காட்டுவார். குரல் அடைத்துப் போயிருக்கும். "நீங்கள் இல்லாட்டி ரீச்சர் விறைச்சுப் போயிருப்பா தம்பி," என்பார். நான் காத்திருப்பேன். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லமாட்டார். பாவம், அவருடைய தலைக்குள் அப்போது வேறொன்றுக்கும் இடம் இருந்திராது. அது எனக்கு இப்போது விளங்குகிறது. அப்போது நான் ஒவ்வொரு நாளும் வெறுங்கையோடு திரும்பியதாகவே நினைத்தேன்.

இயக்கம் தோற்று, சண்டை முடிந்துவிட்டது என்று செய்தி வந்த அன்று காலையும் போனேன். மே மாதமென்றாலும் குளிர் முழுதாக விடவில்லை, குளிக்கிற தண்ணீரும் அதில்தான் சூடாகியது. மாஸ்டர் டவுண்டவுன் போகவில்லை. மேலில் சேட்டு இல்லாமல், இடுப்பில் சாரத்தோடு, ஃபேர்னஸுக்குப் பக்கத்தில் விறகுக் குற்றியில் இருந்தார். சவரம் செய்து கனநாள். நான் ஃபானை நிற்பாட்டினேன். கதவை நீக்கினேன். எண்ணினேன். திறந்து, குற்றிகளை அடுக்கத் தொடங்கினேன். அவர் நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"உங்கடை ஆக்களுக்கு இண்டைக்குச் சந்தோசமாயிருக்கும், என்ன தம்பி?"

சத்தமாகக் கேட்கவில்லை. நக்கலாகவும் கேட்கவில்லை. மழை வரும்போல, என்ன, என்று கேட்கிற மாதிரிக் கேட்டார். நான் கையில் இருந்த குற்றியை உள்ளே வைத்தேன். இன்னும் இரண்டு வைத்தேன். கதவைச் சாத்தி, ஃபானைப் போட்டேன். கையுறையைக் கழற்றிக் கொட்டிலின் மேலே வைத்தேன், அது அவருடைய கையுறை. என் வேலை வானில் ஏறி ஓட்டிக்கொண்டு போனேன். ரீச்சர் யன்னலால் பார்த்தார். அதற்குப் பிறகு நான் அந்த வீட்டுக்குப் போகவில்லை.

வெயில் காலம் வந்ததும் ஃபேர்னஸை அணைத்து, சாம்பலை முழுதாக வழித்து, சுவரைச் சுரண்டி, எண்ணெய் பூசி, புகைபோக்கியை மூட வேண்டும். விட்டால் சாம்பல் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி இரும்பை அரித்துவிடும். மாஸ்டருக்கு இது தெரியாது. சொல்லிக் கொடுக்க வேண்டியவன் நான். சொல்லவில்லை. ஒரு ரெலிபோன் அழைப்பு, ஐந்து நிமிடம். வைகாசி, ஆனி, ஆடி என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டாம் மாரிக் குளிரில் நெருப்புப் பெட்டியில் ஓட்டை விழுந்து தண்ணீர் ஒழுகியதாகக் கேள்விப்பட்டேன். வேறு யாரோ வந்து எண்ணெய் ஃபேர்னஸ் பூட்டினார்கள். அப்படித்தான் ஆகும் என்று தெரிந்தே இருந்தேன். என் கைவேலை கெட்டுப்போனதை நினைத்து நான் திருப்திப்பட்ட ஒரே இடம் அதுதான். மாஸ்டரின் அக்கா ஆட்கள் வரவில்லை. முகாம்களில் பெயர் தேடினார்கள். ஐந்து பேரில் ஒரு பெயரும் இல்லை.

இத்தனை வருடமும் மாஸ்டர் கேட்ட அந்தக் கேள்வியை நான் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். நாலு மாதம் விறகு போட்டவனிடம் கேட்கிற கேள்வியா என்று சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் எல்லோரும் என் பக்கம் நின்றார்கள். அன்று காலை அதற்கு முன் நடந்ததை மட்டும் யாருக்கும் சொல்லவில்லை. விடிய, எங்கள் சனம் அகதியாய்ப் போயிருந்த புத்தளத்திலிருந்து என் தம்பி ரெலிபோன் எடுத்தான். "முடிஞ்சுது நானா. இனி நாங்க ஊருக்குப் போகலாம்," என்றான். நான் குசினியில் தேத்தண்ணியோடு நின்றேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்றேன். வாய்விட்டு, நல்ல சத்தமாக. கண் நிறைந்துவிட்டது. என் மனைவி அடுப்படியில் திரும்பிப் பார்த்து, "மாஸ்டர்ட அக்கா?" என்று கேட்டாள். அந்த நிமிடத்தில் அந்த மனுசி என் நினைவில் இல்லவே இல்லை. அவள் கேட்டதும் சந்தோசம் போய்விட்டது. ஆனால் இருந்தது. இருந்ததை இல்லையென்று சொல்ல முடியாது. கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுத்தான் விறகு போடப் போனேன். மாஸ்டர் என் முகத்தில் எதைக் கண்டாரோ தெரியாது.

போன மாரியில் மாஸ்டர் செத்துப்போனார். மண்டபத்தில் உடலைப் பார்வைக்கு வைத்திருந்தார்கள். போவதா விடுவதா என்று யோசித்து, கடைசி நேரத்தில் போய்ப் பின்வரிசையில் நின்றேன். ரீச்சர் கண்டுவிட்டார். தடியை ஊன்றி என்னிடம் வந்து, என் கையைப் பிடித்தார்.

"தம்பி, உங்கடை சனம் ஊரை விட்டுப் போகேக்கை நாங்கள் யன்னலைச் சாத்திப்போட்டு உள்ளுக்கை இருந்தனாங்கள். எல்லாம் கேட்டது. பிழை, பெரிய பிழை. அதை உங்களிட்டைச் சொல்ல வேணும், சொல்ல வேணும் எண்டு இவர் கனநாளாச் சொல்லிக்கொண்டிருந்தவர். வெக்கத்திலை சொல்லேல்லை."

பதினெட்டு வருடம் சுமந்து போய், நாலு மாதம் அந்தக் கொட்டிலுக்குப் பக்கத்தில் நின்று நான் எதிர்பார்த்த சொல் அது. இப்போது வந்தது. நான் நிலத்தைப் பார்த்தேன். ரீச்சர் கையை விடவில்லை.

"அண்டைக்கு அவர் கேட்டதையும் மனசிலை வைச்சிருக்காதேங்கோ. கேட்டுப்போட்டு உள்ளுக்கை வந்து அழுதவர். நீங்கள் அப்பிடி நினைக்கிற ஆள் இல்லை எண்டு எங்களுக்கு வடிவாத் தெரியும்."

"ஓம் ரீச்சர்," என்றேன்.