பாறை மேலே ஏறுகிறது

ஐந்தருவிக்கு முன்னால் நிற்கிறேன். கல்லூரியில் உளவியல் நடத்தும் நான், வருடாவருடம் திரையில் சுழலும் படத்தைக் காட்டி விளக்குகிற ஒன்றை இன்று அருவியிலேயே பார்க்க வந்திருக்கிறேன். விழும் தண்ணீரை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, பக்கத்துப் பாறைக்குக் கண்ணைத் திருப்புகிறேன்.

"ஏறுது!" என்று கத்தியே விடுகிறேன்.

காவலுக்கு நிற்கும் இளம் பெண் காவலர் விசிலோடு ஓடி வருகிறார். "என்ன மேடம் ஏறுது? தண்ணியா?"

"இல்லம்மா, பாறை!"

அவர் முகம் மாறுகிறது. "உங்களுக்குமா? வெள்ளம் வருதான்னு நாள் பூரா தண்ணியவே பாக்குதேன். இங்கன திரும்புனா பாறை மேல போற மாதிரி இருக்கு. கண்ணு கெட்டுப்போச்சுன்னு பயந்து யாருட்டயும் சொல்லல. இந்த டூட்டிக்கு லாயக்கில்லன்னு சொல்லிருவாவல்லா?"

கண் கெடவில்லை, விழுவதையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு நிற்கும் பாறை கொஞ்ச நேரம் ஏறுவதுபோலத் தோன்றும், எல்லாருக்கும் அப்படித்தான் என்கிறேன். உளவியலுக்கென்று ஆய்வுக்கூடமே இல்லாத காலத்தில், தூர தேசத்து அருவி ஒன்றின் முன் நின்ற பயணி இதைக் கண்டு எழுதிவைத்தார். பின்னால் வந்தவர்கள் இந்தத் தோற்றம் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று கடிகாரம் வைத்து அளந்தார்கள். நாங்களும் செல்போனில் அளக்கிறோம். எனக்குப் பத்து விநாடி, அவருக்குப் பதினான்கு!

கலங்கிய கண்ணோடு சிரிக்கிறார். உடனே, கூட வேலை பார்க்கும் தோழியை அழைக்கிறார்.

"ஏட்டி, இங்கன வா. தண்ணியவே பாரு. நான் சொன்னதும் பாறையப் பாரு."

"பாத்தா என்னட்டி தெரியும்?"

"அத நான் சொல்லக் கூடாது. நீதான் சொல்லணும்."

சோதனையின் இந்த முதல் விதியை நான் அவருக்குச் சொல்லித் தரவேயில்லை.