முப்பத்தைந்து சதச் சீட்டு

காலை எட்டு இருபது. மாங்குளத்தில் எங்கள் ரயில் மரபுச் சங்கத்தின் சரக்குப் பெட்டிக் கதவைத் திறந்தேன். மேற்குச் சுவரில் ஒன்பது வெளிச்சப் பொட்டுகள் தெரிந்தன. கூரையில் ஒன்பது ஓட்டைகள். மாரிக்கு ஆறு வாரம் இருந்தது.

போரில் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போன காலத்தில் தப்பிய பெட்டி அது. சிக்னல் விளக்குகள், மணி, சீட்டு அலுமாரி எல்லாம் அதற்குள்தான். கூரைத் தகட்டுக்கு ஒரு நிதியம் காசு தர ஒப்புக்கொண்டிருந்தது. ஆண்டுக் கணக்கில் கணக்காய்வாளரின் கையெழுத்து வேண்டும், அன்று நான்கு மணிக்குள். பத்திரிகை வேலையில் ஓய்வுபெற்ற நான் அங்கே சம்பளமில்லாத பொருளாளர்.

கணக்காய்வாளர் சுகந்தி வவுனியாவிலிருந்து பஸ்ஸில் வந்தார். ஒரு மணி நேரம் கணக்கைப் பார்த்தபின், விற்காத சீட்டுக் கட்டிலிருந்து ஒன்றை உருவினார்.

“ஐயா, பாக்க வாற ஆக்களுக்கு நீங்கள் குடுக்கிற ரசீது இதுதானோ?”

“ஓம்.”

“இதில முப்பத்தைஞ்சு சதம் எண்டு கிடக்கு. ஆயிரத்து நூற்றியொரு சீட்டு போயிருக்கு. நானூறு ரூபாவும் வராது. பாங்கில இரண்டு லட்சத்து இருபதினாயிரம் போட்டிருக்கிறியள். மிச்சம் எங்கால வந்தது?”

எங்கள் நுழைவுக் கட்டணம் இருநூறு ரூபா. அந்தக் கால ரயில் சீட்டு மாதிரியே அடித்த நுழைவுச் சீட்டில் பழைய கட்டணமே இருக்க வேண்டுமென்று அடம்பிடித்தவர் மரியதாஸ் அண்ணர். முல்லைத்தீவுக்காரர், முன்னாள் புக்கிங் கிளார்க். அச்சுப்படி பார்த்துச் சரி என்றவன் நான். முப்பது வருடம் மற்றவர்களின் எழுத்தில் பிழை பிடித்தவன்.

“பழஞ்சீட்டில இருநூறு ரூபா எண்டு அடிச்சா ஆர் பிள்ளை நம்புவினம்?” என்றார் பக்கத்தில் நின்ற அண்ணர்.

“இப்ப நான் நம்பேல்லையே ஐயா. விளங்காத காசு எண்டு எழுதினா விசாரிக்க ஆக்கள் வருவினம். என்னால கையெழுத்து வைக்க ஏலாது.”

அண்ணர் அலுமாரியிலிருந்து தடித்த அட்டை போட்ட ஒரு சி.ஆர். கொப்பியை எடுத்து வைத்தார். ஒவ்வொரு மாலையும் அன்றைய முதல் சீட்டின் இலக்கம், கடைசிச் சீட்டின் இலக்கம், பெட்டியில் இருந்த காசு. புக்கிங் கவுண்டரை மூடும்போது செய்த வேலையை அவர் விடவேயில்லை.

“இதை ஆர் எழுதச் சொன்னது?” என்று கேட்டேன்.

“ஒருத்தரும் சொல்லேல்லை. எழுதாட்டி நித்திரை வராது.”

சுகந்தி கொப்பியை வங்கிச் சிட்டைகளோடு நாள் நாளாகப் பொருத்தினார். ஒரு நாளில் மட்டும் இருநூறு ரூபா குறைந்தது. அந்தப் பக்கத்தில், விற்கமுன் கிழிந்த சீட்டொன்று குண்டூசியால் குத்தப்பட்டிருந்தது.

“இதையும் வச்சிருக்கிறியளே,” என்று முதல் தடவையாகச் சிரித்தார்.

மூன்று ஐந்துக்குக் கையெழுத்திட்டார்.

எனக்குப் பின் பொருளாளராக வருகிறவர்களுக்குச் சொல்வது இதுதான்: வாங்கிய தொகை ரசீதில் இருக்க வேண்டும். இப்போது ஒவ்வொரு சீட்டின் பின்பக்கத்திலும் ‘ரூபா இருநூறு’ என்று முத்திரை குத்துகிறோம். குத்துபவர் மரியதாஸ் அண்ணர், முணுமுணுத்தபடி.

மாரியின் முதல் மழை ஒரு செவ்வாய்க்கிழமை பெய்தது. மேற்குச் சுவர் காய்ந்திருந்தது.