அர்த்தனாரி மாற்றாத ஃபில்டர்

அர்த்தனாரி கெட்டவன் இல்லை. வாய்தான் கொஞ்சம் நீளம். அந்த வாய்க்காகத்தான் அவனைத் தண்டித்தேன்.

மலைமேல் உள்ள எங்கள் குண்டூர் நாட்டில் அவனுடைய பழைய டீசல் ஜீப்பைத் தெரியாதவர்கள் கிடையாது. மிளகும் மரவள்ளிக் கிழங்கும் ஏற்றிக்கொண்டு பேளுக்குறிச்சி சந்தைக்கு இறங்குவான். பிரசவம், பாம்புக்கடி என்று யாராவது வந்தால் சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்து வண்டியை எடுப்பான். பதினாறு வருடமாக அந்த வண்டிக்கு மெக்கானிக் நான்தான்.

போன கார்த்திகையில் சந்தைக்குப் போனவன் பயோடீசல் நிரப்பிக்கொண்டு வந்தான். புங்க எண்ணெயிலும் ஓட்டல்களில் பொரித்து மிஞ்சிய எண்ணெயிலும் செய்வதாம். கரும்புகை நின்றுவிட்டது. வண்டி போன ரோடெல்லாம் வடை வாசம். டீக்கடையில் பத்துப் பேர் நடுவில் சொன்னான்: "இனி தனபாலண்ணன் பட்டறையப் பூட்டிட்டு ஆடு மேய்க்கப் போலாமுங்க. எஞ்சின் அத்தனை சுத்தம்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். வயிறு எரிந்தது.

அவனுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். பயோடீசல் நல்ல எண்ணெய்தான். ஆனால் பழைய டேங்கில் ஊற்றினால், வருடக்கணக்கில் ஒட்டிக் கிடக்கும் கசடைக் கரைத்து இழுத்து வந்து ஃபில்டரை அடைத்துவிடும். முதல் சில வாரங்கள் ஃபில்டரை அடிக்கடி மாற்ற வேண்டும். கால் மணி நேர வேலை.

ஒரு வாரம் கழித்து அவனே வந்தான். "ஏனுங்கண்ணா, ஏத்தத்துல கொஞ்சம் திக்குதுங்க."

"உன் எண்ணெயையே கேளு போ" என்றேன். நடுவழியில் நிற்கட்டும், அப்போது பேசிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

மூன்றாம் நாள் காலையில் அவன் மகள் தேன்மொழிக்கு வலி கண்டது. தலைப்பிரசவம். குழந்தை திரும்பிக் கிடக்கிறது, உடனே கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்றார் எங்கள் ஊர் நர்ஸ் ஜாஸ்மின். ஆம்புலன்ஸ் வேறொரு கேஸுக்குப் போயிருந்தது. அர்த்தனாரி மகளைத் தன் ஜீப்பிலேயே ஏற்றினான். மலை இறங்குவதற்கு முன்னால் உள்ள ஏற்றத்தில் எஞ்சின் நின்றது. செல்போனில் சிக்னல் இல்லை. பஸ் வர ஒன்றேகால் மணி நேரம் ஆனது. தேன்மொழி பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

"கண்ட எண்ணெயையும் ஊத்திப் பேரனைக் கொன்னுட்டான்" என்று ஊர் பேசியது. நானும் கூடச் சேர்ந்து தலையாட்டினேன். அவன் ஜீப்பை விற்றுவிட்டான். தேன்மொழி அப்பன் வீட்டு வாசலை மிதிப்பதில்லை.

நேற்று பட்டறைக்கு வந்தான். பாதியாக இளைத்திருந்தான்.

"அந்த எண்ணெய் ஃபில்டரை அடைக்கும்னு இப்பத்தான் ஒருத்தர் சொன்னாருங்கண்ணா. உங்களுக்கு முன்னயே தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பீங்கல்லங்க?"

"சொல்லாம இருப்பனா கண்ணு?"

அவன் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதான்.