கண்ணாடியோரத்தில் எழுதிய தமிழ்

பிள்ளைகளே, அப்பா ஒரு பொய் சொன்ன கதையைக் கேளுங்கள்.

மனோர் பார்க் கடைத்தெருச் சலூனில் ஒருநாள் எனக்கு முடி வெட்டியவர் ஒரு பிரேசில்காரர். வழுக்கைத் தலை, பெரிய மீசை. தன் நாட்டுப் பாட்டு ஒன்றை முணுமுணுத்தபடிதான் கத்தரியை ஓட்டுவார். அதை எத்தனையோ நாட்டவர் தங்கள் மொழியில் பாடியிருக்கிறார்களாம். அப்படிப் பாடிக் காட்டுபவர் தன் மொழியின் பெயரைக் கண்ணாடியோரத்தில் எழுத வேண்டும். துருக்கியம், போலிஷ், அரபு எல்லாம் இருந்தன.

“உங்கள் தமிழில் இல்லையா?” என்றார்.

எனக்கு ரோசம் வந்துவிட்டது. “ஏன் இல்லாமல்?” என்றேன்.

“அப்ப பாடுங்கோவன், அண்ணை!” என்றார் பக்கத்துக் கதிரையில் இருந்த யாழ்ப்பாணத்தவர்.

அந்த மெட்டில் வாய்க்கு வந்ததைப் பாடினேன். இடியப்பமும் சொதியும்தான் வந்தன. முடிவெட்டுபவர் கத்தரியை நிறுத்தி, கண்மூடிக் கேட்டார்.

“காதல் பாட்டுத்தானே?”

“ஓம்” என்று தலையாட்டினேன். பக்கத்துக் கதிரை இருமியது. வெட்கத்தோடு ‘தமிழ்’ என்று எழுதினேன்.

“அடுத்த முறை இரண்டாம் சரணத்தையும் பாடுங்கள்” என்று கதவுவரை வந்து வழியனுப்பினார். நம்பினாரா, விளையாடினாரா, இன்றும் தெரியாது.

நீங்கள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம், குசினி மேசையில் தனியே இருந்து இரண்டாம் சரணத்தை எழுதி முடித்தேன். இம்முறை காதலைப் போட்டேன். சொதியை மட்டும் எடுக்க மனம் வரவில்லை.