ஒரே ஒரு சக்ஸஸ்

1. பூஜ்யம்

“பழனியம்மாளத் திங்கக்கெழமையிலிருந்து வர வேண்டாமுன்னு சொல்லிப்போட்டேனுங்க” என்றார் மில் மேனேஜர். எதற்கு என்று கேட்டேன். “உங்க கம்ப்யூட்டரு சொல்லித்தானுங்க அம்மணி.”

தொண்ணூறுகளின் கடைசி அது. கோவையில் ஒரு சின்ன கம்பெனியில் நான் சிஸ்டம்ஸ் புரோகிராமர். சூலூர் பக்கத்து ஸ்பின்னிங் மில் ஒன்றில், ஒவ்வொரு மெஷினும் எவ்வளவு நூல் ஓட்டுகிறது என்று கணக்கெடுக்கும் புரோகிராம் எங்களுடையது. மெஷினுக்கு ஒரு த்ரெட். ஒரே புரோகிராமுக்குள் மெஷினுக்கு ஓர் ஆளைக் காவல் போட்ட மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதியவர் எங்கள் எம்.டி. அவர் கோடில் தப்பு என்று சொன்னால் அன்றைக்கு ஆபீசில் யாருக்கும் காபி இறங்காது.

அந்த மில் தொழிலாளி பழனியம்மாள் பார்த்தது வரிசையின் கடைசி மெஷின். அப்போதுதான் வாங்கியது. நல்ல கை என்று மேனேஜரேதான் அவருக்குக் கொடுத்திருந்தார். பகல் ஷிப்டில் கரண்ட் போய் வந்தால் போதும், அந்த மெஷின் மட்டும் ஷிப்ட் முடியும்வரை பூஜ்யம் காட்டும். அடுத்த ஷிப்டுக்குப் புரோகிராமைப் புதிதாக ஓட்டினால் சரியாகிவிடும். மறுநாள் ரிப்போர்ட்டைப் பார்த்த மேனேஜர், அந்த அம்மா மெஷினை நிறுத்திவிட்டுத் தூங்குகிறார் என்று முடிவு கட்டிவிட்டார். எல்லா மெஷினிலும் நூல் சுற்றிய பாபின்கள் ஒரே தள்ளுவண்டியில் கலந்துவிடும் என்பதால் சாட்சிக்கும் வழியில்லை.

பழனியம்மாள் என்னிடம் வந்து நின்றார். “மெசினு ஓடுச்சுங்க. அறுந்த நூல ஒட்டிட்டுத்தான் நின்னனுங்க. கம்ப்யூட்டருக்கு என்ற மேல என்ன கோவமுங்க?”

எனக்கு வெட்கமாக இருந்தது.

2. நல்ல செய்தி ஏன் ஒரு தரம்?

மறுநாள் பகல் ஷிப்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். கரண்ட் போனது. கம்ப்யூட்டருக்கு மட்டும் யுபிஎஸ். கரண்ட் திரும்பி மெஷின்கள் ஓட ஆரம்பித்ததும் ஸ்க்ரீனில் ஒரு வரி வந்தது: “thread create: Success.”

“பாத்தீங்களா, சக்ஸஸ்! தங்கமான புரோகிராமுங்க” என்றார் சூப்பர்வைசர்.

எனக்கு அங்கேதான் உறுத்தியது. கரண்ட் வந்து ஓடும் ஒவ்வொரு மெஷினுக்கும் புதிதாக ஒரு த்ரெட் உருவாகிறது. அப்படியானால் ஒவ்வொன்றுக்கும் அல்லவா சக்ஸஸ் வர வேண்டும்? ஒரே ஒரு சக்ஸஸ் எப்படி? கோடைப் புரட்டினேன். த்ரெட் உருவாகாமல் போனால் மட்டும் அச்சாகும் வரி அது!

தோற்றுவிட்டு ஜெயித்தேன் என்கிறதே என்று சிரிப்பு வந்துவிட்டது. மேனுவலை எடுத்துப் படித்தேன். சிஸ்டம் கால்கள், அதாவது புரோகிராம் லினக்ஸிடம் கேட்கும் உதவிகள், தோற்றால் காரணத்தை errno என்ற பொது இடத்தில் வைத்துவிட்டுப் போகும். த்ரெட் உருவாக்கும் pthread_create அப்படியில்லை, காரணத்தை ரிடர்ன் வேல்யூவாக நம் கையிலேயே கொடுத்துவிடும். எம்.டி.யின் கோடு கையில் கொடுத்ததை விட்டுவிட்டு errno-வில் போய்ப் பார்த்தது. அங்கே இருந்தது பூஜ்யம். பூஜ்யத்துக்கு லினக்ஸ் சொல்லும் அர்த்தம், சக்ஸஸ்.

கையில் வந்த உண்மையான காரணம் EAGAIN. இப்போது இடமில்லை, அப்புறம் வா. எங்கள் ஊரில் பெண் கேட்டுப் போனால்கூட இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்ல மாட்டார்கள், “பாக்கலாமுங்க” என்பார்கள். லினக்ஸின் மையமான கெர்னலும் நம்மூர் ஆள்தான் போல. அந்த மரியாதையைப் புரிந்துகொண்டு மறுபடி போய்க் கேட்கத்தான் எங்கள் கோடுக்குத் தெரியவில்லை.

அது ஏன் எப்போதும் பழனியம்மாள் மெஷின்? எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் லோடு தாங்காமல் ட்ரிப் ஆகும் என்று, கரண்ட் வந்ததும் வாசல் பக்கமிருந்து ஒவ்வொன்றாகப் போடுவது மில் வழக்கம். மெஷினோடு இருந்த தொடர்பு அறுந்தது தெரியாமல் பழைய த்ரெட்கள் கொஞ்ச நேரம் காத்துக்கொண்டிருக்கும். அதற்குள் புதியவையும் வந்து சேர, கடைசி மெஷினின் முறை வரும்போது த்ரெட் எண்ணிக்கை லினக்ஸ் அனுமதிக்கும் எல்லையைத் தொட்டிருக்கும்.

3. தலைகீழ்

“அடுத்த தடவ கடைசி மெஷின்லிருந்து போடச் சொல்லுங்க சார்” என்றேன் மேனேஜரிடம்.

“அதெப்படீங்க, வாசப்பக்கமிருந்துதானுங்களே வழக்கம்?”

“ஒரே ஒரு தடவைங்க. அப்புறம் நீங்க சொல்றதுதான்.”

அரைமனதாகச் சம்மதித்தார். அடுத்து கரண்ட் வந்தபோது பழனியம்மாள் மெஷின் முதலில் ஓடியது, கணக்கும் ஏறியது. வாசல் பக்கத்து முதல் மெஷின் கடைசியாக ஓடியது. அதன் பக்கத்திலேயே மேனேஜர் நின்றிருந்தார். ஸ்க்ரீன் அதற்குப் பூஜ்யம் காட்டியது.

“சார், உங்க பக்கத்து மெஷின் நின்னுபோச்சாம்” என்று கூப்பிட்டுச் சொன்னேன்.

சுற்றும் பாபின்களைப் பார்த்தார், ஸ்க்ரீனைப் பார்த்தார், மறுபடி மெஷினைப் பார்த்தார். பிறகு பழனியம்மாளிடம் போய், “திங்கக்கெழம வந்துருங்க அம்மணி” என்றார். அவரிடமிருந்து அதற்கு மேல் மன்னிப்பு எதிர்பார்க்க முடியாது.

எம்.டி. கோடைத் திருத்த ஒப்புக்கொண்டார். ரிடர்ன் வேல்யூவைப் பார்ப்பது, கொஞ்சம் பொறுத்து மறுபடி முயல்வது, அதுவரை பூஜ்யத்துக்குப் பதில் ‘தெரியவில்லை’ என்று காட்டுவது. கடைசிதான் அவருக்குப் பிடிக்கவில்லை. “தெரியலைன்னு போட்டா நம்மளப் பத்தி என்ன நெனைப்பாங்க?” என்றார். “பூஜ்யம்னு போட்டு ஒரு அம்மாவோட வேலை போகப் பாத்துச்சே சார்” என்றேன். திருத்தத்துக்குக் கையெழுத்துப் போட்டார்.

இளையவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். பூஜ்யமும் ஒரு பதில். பதில் தெரியாத இடத்தில் அதை எழுதாதீர்கள்.

திங்கட்கிழமையும் கரண்ட் போய் வந்தது. பழனியம்மாள் வந்து ஸ்க்ரீனை எட்டிப் பார்த்தார். கடைசி மெஷினுக்கு நேரே ‘தெரியவில்லை’ என்று இருந்தது. கொஞ்ச நேரத்தில் அது மறைந்து கணக்கு ஏற ஆரம்பித்தது.

“அது கெடக்குதுங்க, இப்பவாச்சும் உண்மையப் பேசுது” என்று சொல்லிவிட்டு, அறுந்த நூலை ஒட்டப் போய்விட்டார்.